கொம்பியூட்டர் கேள்வி–பதில்: பழைய மெயிலைப் புது லப்டொப்புக்குக் கொண்டுபோவது

கேள்வி: விண்டோஸ் 7 கொம்பியூட்டரில் தண்டர்பேர்ட் போட்டு 2011 முதல் மெயில் பார்த்து வருகிறேன். இப்போது மகன் புது லப்டொப் வாங்கித் தந்திருக்கிறார். "ஐடியும் பாஸ்வேர்டும் போட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் சேர்" என்றார் கடைக்காரத் தம்பி. போட்டேன். கடைசி இரண்டு வார மெயில்தான் வந்தது. நான் அனுப்பியவற்றில் ஒன்றுகூட இல்லை. பழைய மெஷினைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பதாகவும் சொல்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?
– ஓய்வுபெற்ற அதிபர், பண்டாரவளை

பதில்: கொடுக்காதீர்கள் சேர். உங்கள் பதினைந்து வருடக் கடிதங்களும் அந்த மெஷினில் மட்டும்தான் இருக்கின்றன.

கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த மெயிலெல்லாம் ஐமேப். லயத்துக்கு வரும் தபால் தோட்ட ஒபிசிலேயே கிடக்க, வேண்டியபோது போய் வாசித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தால் எப்படி, அதுதான் ஐமேப். எந்த மெஷினிலிருந்து போனாலும் கடிதம் அங்கே இருக்கும். உங்களுடையது பொப். கடிதத்தை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவீர்கள், ஒபிசில் பிறகு ஒன்றும் மிஞ்சாது. தண்டர்பேர்ட் பொப் கணக்கை அமைக்கும்போது, கேட்காமலே "சேர்வரில் 14 நாள் மட்டும் வைத்திரு" என்று ஒரு டிக் போட்டுவிடும். சேர்வர்தான் நம் உவமையின் ஒபிஸ். உங்களுக்கு இரண்டு வாரம் மட்டும் வந்ததற்குக் காரணம் அதுதான். அனுப்பிய கடிதங்களோ சேர்வர் பக்கமே போவதில்லை, மெஷினிலேயே தங்கிவிடும். பழைய மெஷினில் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து 'சேர்வர் டைப்' என்ற இடத்தைப் பாருங்கள், பொப் என்றே இருக்கும்.

இனி வேலை. பழைய மெஷினில் தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி ஆர். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடியும் சதவீதக் குறி, இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர். திறக்கும் இடத்தில் 'தண்டர்பேர்ட்' என்றொரு போல்டர் இருக்கும். அதை அப்படியே முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு கொப்பி செய்யுங்கள். கொப்பிதான், கட் வேண்டாம். மழைக் காலத்தில் எந்த நேரம் மரம் லைனில் விழும், கரண்ட் போகும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? பாதியில் நின்றாலும் மூலம் பத்திரமாக இருக்க வேண்டும்.

அந்தப் போல்டருக்குள் 'இன்பொக்ஸ்' என்ற பெயரில் இரண்டு பைல் தெரியும். ஒன்று எம்எஸ்எஃப் என்ற வாலுடன், மற்றது வாலே இல்லாமல். வால் இல்லாததுதான் கடிதங்கள்: வந்த எல்லாக் கடிதமும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பைலில். வாலுள்ளது வெறும் அட்டவணை, தொலைந்தால் தண்டர்பேர்டே திரும்ப எழுதிக்கொள்ளும். ஆர்வத்தில் வால் இல்லாததை நோட்பேடில் திறந்தீர்களானால், தமிழ்க் கடிதம் இருக்கவேண்டிய இடத்தில் சமக்குறி, இ, பூச்சியம், சமக்குறி, ஏ, இ என்று வரி வரியாக ஓடுவதைப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், பைல் கெட்டுப்போகவில்லை. யுனிகோட் தமிழ் மெயிலில் இப்படி வேடம் மாறிப் பயணிப்பதுண்டு. சேவ் பண்ணாமல் மூடிவிடுங்கள்.

புது லப்டொப்பில் தண்டர்பேர்டை மூடி, அதே ஆப்டேட்டா இடத்துக்குப் போய், அங்கிருக்கும் தண்டர்பேர்ட் போல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, பழையதை ஒட்டுங்கள். திறந்தால் கணக்கு, பாஸ்வேர்ட், முகவரிப் புத்தகம் எல்லாம் கூடவே வரும். எந்தக் கடிதத்தை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்ற குறிப்பும் அதே போல்டரில் இருப்பதால் ஒரே மெயில் இரண்டு தடவை வராது. ஒருவேளை வெறுமையாகத் திறந்தால், புதுப் பதிப்பு தனக்கென்று ஒரு புரொபைல், அதாவது கணக்கும் கடிதமும் வைக்கும் தனிப் போல்டர், உண்டாக்கிக்கொண்டது என்று அர்த்தம். மூடிவிட்டு, முன்பு திறந்த அதே பெட்டியில் தண்டர்பேர்ட், ஒரு இடைவெளி, சிறுகோடு, பி என்று அடித்தால் பட்டியல் வரும். பழையதைத் தெரிவுசெய்யுங்கள்.

2011ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றையும், நீங்கள் அனுப்பியது ஒன்றையும், இணைப்புள்ளது ஒன்றையும் திறந்து பார்த்துவிட்டு, ஒரு மாதம் பழைய மெஷினை அலுமாரி மேல் வையுங்கள். விலையில் கழிவதாகச் சொன்ன காசு பெரிய காசாக இருக்காது. அந்த ஒரு மாதமும் அதில் தண்டர்பேர்டை மட்டும் திறக்க வேண்டாம். திறந்தால் அங்கே பாதி, இங்கே பாதி என்று மெயில் பிரிந்துபோகலாம்.

கேள்வி: அண்ணா, அப்பாவின் பழைய மெயில்களைப் புது லப்டொப்புக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கனடாவிலிருந்து பெரியப்பா எழுதியவை எல்லாம் ஆங்கில எழுத்தாக, அர்த்தமில்லாமல் தெரிகின்றன. மாற்றும்போது கெட்டுவிட்டதா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: ஒன்றும் கெடவில்லை தங்கச்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரு சொல் இருக்கிறது. அது 'அம்மா'. பெரியப்பா பாமினி எழுத்துருவில் டைப் செய்திருக்கிறார். யுனிகோட் பரவுவதற்கு முன் இலங்கைத் தமிழர் பலர் அதில்தான் எழுதினார்கள், அச்சகங்களில் இன்றும் ஓடுகிறது. பாமினியில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான், அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. நீங்கள் மெயிலை எடுத்து வந்தீர்கள், எழுத்துருவை அங்கேயே விட்டுவிட்டீர்கள். பழைய மெஷினில் சி டிரைவ், விண்டோஸ், பொன்ட்ஸ் போல்டரில் பாமினியைத் தேடி எடுத்துப் புதியதில் இன்ஸ்டோல் செய்யுங்கள். அதன்பிறகும் மாறாத மெயில் வெறும் எழுத்தாக அனுப்பப்பட்டது. அதைக் கொப்பி செய்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யுனிகோட் மாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். முக்கியமான கடிதங்களை இப்படி மாற்றி வேறாகச் சேமித்துவையுங்கள். அடுத்த லப்டொப்புக்குப் போகும்போது பாமினியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி: தோட்ட ஒபிசில் கிளாக்கர் வேலை. தேயிலை ஏல புரோக்கர்களின் மெயில் எல்லாம் அவுட்லுக்கில். அவை சேர்ந்திருக்கும் பிஎஸ்டி பைல் 7 ஜிபி. 32 ஜிபி பென் ட்ரைவில் இடம் இருந்தும், பைல் பெரிது என்று ஏற்க மறுக்கிறது.
– தலவாக்கலை வாசகர்

பதில்: இடம் பிரச்சினையில்லை அண்ணே. பென் ட்ரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனி பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ட்ரைவில் உள்ளதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். அவுட்லுக்கை மூடிவிட்டுக் கொப்பி செய்து, புது மெஷினின் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கியபிறகே கிளாசிக் அவுட்லுக்கில் (பழைய வடிவ அவுட்லுக்கில்) திறக்க வேண்டும், பென் ட்ரைவிலிருந்தே திறக்கக் கூடாது. ஓஎஸ்டி என்ற பைலும் கண்ணில் படும். அது சேர்வரில் உள்ளதன் நகல், தூக்கிச் சுமக்கத் தேவையில்லை, புது மெஷின் தானே உண்டாக்கும்.

கேள்வி: நான் ஜீமெயிலை குரோமில் மட்டும்தான் பார்க்கிறேன். எதைக் கொப்பி செய்ய வேண்டும்?
– ஹட்டன் வாசகர்

பதில்: எதையும் வேண்டாம். உங்கள் மெயிலெல்லாம் சேர்வரிலேயே இருக்கிறது, புது மெஷினில் உள்நுழைந்தால் போதும். பழைய மெஷினில் உள்நுழைந்திருக்கும்போதே, கணக்கில் கொடுத்திருக்கும் ரிகவரி போன் நம்பர் இப்போது கையில் உள்ள சிம்முக்குரியதுதானா என்று மட்டும் பாருங்கள்.