மனநோய்க்கு எந்த அலுவலகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனநல சிகிச்சைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கும் அரசு ஒதுக்கும் பணம், அதைப் பெறும் வழி ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் தம்பி பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறான். வேலைக்குப் போக முடியவில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டுப் போனபோது, “கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, இது நோய்தானே, ஊனம் இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரியா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: சரியில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. அவற்றுள் மனநோயும் ஒன்று. இது புதிதாகக் கிடைத்த இடமும் அன்று. ஏழே வகைகளைச் சொன்ன 1995 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே மனநோய் இருந்தது. ஆகவே உங்களைத் திருப்பி அனுப்பியவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டத்தில் உள்ள ஒன்றை அறியாதவர்.

முதலில் வேண்டியது மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதனுடன் வரும் தனித்துவ அடையாள அட்டையும்தான். ‘யு.டி.ஐ.டி. கார்டு’ என்று அலுவலகங்களில் சொல்வது அதைத்தான். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். அங்கே ‘ஐடியாஸ்’ என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்வது ஆகிய நான்கும் தனித்தனியே மதிப்பிடப்பட்டு, நோய் நீடித்த காலத்துக்கான மதிப்பெண்ணும் சேர்க்கப்படும். மொத்தம் 20. அதில் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் 40 சதவீத ஊனம் என்ற வரம்பைத் தொட்டதாகக் கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த 40 சதவீதமே வாசற்படி.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தமக்குத் தாமே இடறிக்கொள்கின்றன. மருத்துவர் “எப்படி இருக்கிறார்?” என்று கேட்டதும், ஊர்ப் பழக்கத்தில் “இப்போது பரவாயில்லை, நன்றாக இருக்கிறான்” என்று சொல்லிவிடுகிறார்கள். அளவுகோல் நோயின் பெயரை அளப்பதில்லை. அந்த நோயோடு ஒருவரால் அன்றாடம் என்ன செய்ய முடிகிறது என்பதையே அளக்கிறது. குளிக்கச் சொல்லி எத்தனை முறை கூப்பிட வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியே போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறாரா, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எத்தனை நாள் நீடித்தார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையும் உடன் இருக்கட்டும், நோய் தொடங்கிய ஆண்டை அவையே காட்டும். மனநோய்க்கான சான்றிதழ் காலக்கெடுவோடு தரப்படலாம். அப்படித் தந்தால் கெடு முடியுமுன் மறுமதிப்பீட்டுக்குச் சென்றுவிடுங்கள்.

அட்டை வந்தபின் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு, இவற்றைக் குழப்பிக்கொள்வதாலேயே அலைச்சல் கூடுகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அது அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், தண்டுவடப் பாதிப்பு, 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் எனக் குறிப்பிட்ட பிரிவுகளுக்கு உரியது. மற்றொன்று வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 1,000 ரூபாயாக இருந்த இது 2023 சனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் தம்பியின் சதவீதம் நடுத்தரமாக அமைந்தால், கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் செல்லும் இந்த இரண்டாவது வழியே பொருந்தும். இரண்டையும் ஒருவரே பெற முடியாது. வாய்மொழியாக மறுத்தால் வந்துவிடாமல், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.

கேள்வி: மனநலத்துக்கு மத்திய அரசு நிறையப் பணம் ஒதுக்குவதாகச் செய்தி வருகிறது. எங்கள் தாலுகா மருத்துவமனையில் மனநல மருத்துவர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். அந்தப் பணம் எங்கே போகிறது? (வாசகர், தேனி)

பதில்: செய்தியும் பொய்யில்லை, உங்கள் அனுபவமும் பொய்யில்லை. மத்திய நிதிநிலை அறிக்கையில் மனநலம் என்று தனியாகத் தெரியும் தொகையின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்துக்குச் செல்கிறது. 2024-25 மதிப்பீட்டில் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்சுக்கு 850 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், நாடு முழுவதற்குமான தொலைபேசி மனநலத் திட்டத்துக்குக் கிடைத்தது 90 கோடி. முந்தைய ஆண்டில் 133 கோடிக்கு மேல் இருந்த அந்தத் தொலைபேசித் திட்டத்தின் ஒதுக்கீடு, 2025-26 இல் 80 கோடிக்கும் சற்றுக் கீழே இறங்கியது. நிம்ஹான்சு போன்ற நிறுவனம் மருத்துவர்களை உருவாக்குகிறது, ஆய்வு செய்கிறது; அதற்குப் பணம் தருவது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேனியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்து ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் இருக்கிறதல்லவா?

நீங்கள் பார்க்கும் வாரம் ஒரு நாள் மருத்துவர், மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். 1982 இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டு, கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்த முறையை அடிப்படையாகக் கொண்டு 1996 இல் மாவட்டத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட சிறு குழு, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்வதே அதன் நடைமுறை. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய் வரை என்பது மத்திய அரசின் விதி. இந்தத் தொகை தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பொது நிதிக்குள் கலந்து வருவதால், நிதிநிலை அறிக்கையைப் புரட்டும் ஒருவருக்கு அது தனி வரியாகக் கண்ணில் படாது. கண்ணில் படாத வரியைப் பற்றி நாடாளுமன்றத்திலும் யாரும் அதிகம் கேட்பதில்லை என்பது என் கருத்து. 2015-16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகவும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாமலிருப்பதாகவும் கண்டது. அந்த அளவின் முன் 83 லட்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாற்றுத்திறனாளிகள் பக்கமும் நிலைமை பெரிதாக வேறில்லை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறைக்கு 2024-25 இல் சுமார் 1,225 கோடியும் 2025-26 இல் சுமார் 1,275 கோடியும் ஒதுக்கப்பட்டன. 80 சதவீத ஊனமுள்ள வறுமைக்கோட்டுக் குடும்பத்தினருக்கான இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய்தான். உங்கள் ஊரில் யாராவது 1,500 பெறுகிறார் என்றால், அதில் பெரும்பங்கு மாநிலக் கருவூலத்தினுடையது. தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியோடு 1,763 கோடி ரூபாயில் ‘உரிமைகள்’ திட்டம் நடக்கிறது. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி போன்றவற்றை ஒரே கூரையின் கீழ்த் தரும் ‘விழுதுகள்’ மையங்கள் அதன் வழியாக வந்தவையே. மனநோயாளர் குடும்பங்களும் அங்கே சென்று கேட்க வேண்டும். கேட்பவர் இல்லாத சேவை அடுத்த ஆண்டின் மதிப்பீட்டில் குறைக்கப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநல மருத்துவச் சட்டத்தின் 18 ஆவது பிரிவு, மனநல சிகிச்சையை அரசு தர வேண்டிய உரிமையாகவே வரையறுக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு, வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும்கூட, சிகிச்சை இலவசம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெற்ற சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும். “மருந்து ஸ்டாக் இல்லை” என்று சொன்னால், மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்காக என் மனைவி தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். மனநோய்க்குக் காப்பீடு பொருந்தாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது மேற்சொன்ன சட்டத்தின் 21 ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டிலேயே நிறுவனங்களுக்கு இதை அறிவுறுத்தி, 2022 அக்டோபரில் எல்லாப் பாலிசிகளும் இணங்க வேண்டும் என்று மீண்டும் கெடு விதித்தது. ஆகவே ‘மனநோய்’ என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க இயலாது. ஆனால் பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய் என்றால் காத்திருப்புக் காலம் உண்டு, அது இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். நோயை மறைத்து விண்ணப்பித்திருந்தாலும் சிக்கல்தான். மறுப்புக் கடிதத்தை வைத்து முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மருத்துவமனையில் சேராமல் பெறும் ஆலோசனைக்கும் சிகிச்சைப் பேச்சுக்கும் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. நீண்டகாலச் செலவு அங்கேதான் ஆகிறது என்பது இந்தச் சட்டம் இன்னும் நிரப்பாத பள்ளம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மனநலம் பாதித்த ஒருவர் திரிகிறார். காவல் நிலையத்தில் சொன்னால் “ஏதாவது ஹோமில் விடுங்கள்” என்கிறார்கள். (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதால் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதன் பிறகே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, பதிவு பெறாத இல்லங்கள் மூடப்பட்டன. இன்று மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எந்த இல்லமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்காமல் யாரையும் எங்கும் சேர்க்காதீர்கள்.

காவல் துறை சொன்னதும் தவறு. தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நிலையப் பொறுப்பாளரின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது என்றும் மனநல மருத்துவச் சட்டத்தின் 100 ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் இத்தகையோருக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள், அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பல மாவட்டங்களில் நடத்தப்படுகின்றன. மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் கேட்டால் உங்களுக்கு அருகில் எது என்று சொல்வார். அவரை எட்ட முடியாத நேரத்தில் 14416 என்ற இலவச எண்ணை அழைத்து வழி கேளுங்கள். மேலே சொன்ன தொலைபேசி மனநலத் திட்டத்தின் ‘டெலி மானஸ்’ சேவை அதுதான். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன் நான். அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு எங்கள் காலத்துக்குப் பின் என்ன வழி? (வாசகர், திருச்சி)

பதில்: மத்திய அரசு ஊழியரின் ஊனமுற்ற பிள்ளை சம்பாதிக்க இயலாதவராயின், வயது வரம்பின்றி வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். திருமணமாகியிருந்தாலும் தடையில்லை. அவருடைய பிற வருமானம், உங்கள் கடைசி ஊதியத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது, அவ்வளவே. இது மனநோய்க்கும் பொருந்தும். நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு மகளின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடுங்கள். அவர் சார்பில் பணம் பெறப் போகிறவரையும் நியமனப் படிவத்தில் குறித்துவிட்டால், பிறகு நீதிமன்றக் காப்பாளர் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்க முடியாது. சொத்துக்கும் பிற முடிவுகளுக்கும் சட்டக் காப்பாளர் வேண்டுமென்றால், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு, வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் சிகிச்சையும் உட்பட ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. முன்மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு பிரிவினருக்கு மட்டுமே இது உண்டு. மனநோய் மட்டும் உள்ளவர்களை 1999 இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. அதற்கு இன்றுவரை நல்ல காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

கேள்வி: மாற்றுத்திறனாளி மகனுக்காகச் செய்யும் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டா? (வாசகி, சென்னை)

பதில்: பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் உண்டு. 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாயும், எவ்வளவு செலவானது என்று பாராமல் அப்படியே கழியும். சான்றிதழின் காலம் முடிந்திருந்தால் கழிவு கேட்க முடியாது. புதுப்பித்த பிறகு கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.