நுவரெலியாவின் ஈரக் காற்றில் முத்துச்சிப்பி பதித்த தளபாடம் தாங்குமா?

நுவரெலியாவில் புதிதாகக் கட்டிய வீட்டின் வரவேற்பறைக்கு முத்துச்சிப்பி பதித்த மேசையொன்றை இந்தியாவிலிருந்து வரவழைக்கலாமா, இங்குள்ள ஈரத்தில் அது கெட்டுப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிப்பி வேலை வாங்குங்கள். ஆனால் பெரிய மேசையாக வேண்டாம், சிறிய பெட்டியாகவோ தாம்பாளமாகவோ வாங்குங்கள். ஹற்றனில் என் தந்தை நடத்திய தச்சுப் பட்டறையில் துரை பங்களாக்களின் பழைய தளபாடங்கள் திருத்தப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஈரத்தால் சிப்பிக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் மினுங்கும் உட்படை பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத் தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 2000இல் ஒரு பங்கே தடிப்புள்ளது. அடுக்கடுக்கான அத்தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான், பார்க்கும் கோணம் மாறும்போது இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தோன்றுகின்றன.

தொல்லை தருவது மரமே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஈரத்தை உறிஞ்சும் பலகை இழைக்குக் குறுக்காக விரிகிறது. தை, மாசியின் வறண்ட குளிரில், அதுவும் அறையில் கணப்பு எரியும்போது, மீண்டும் சுருங்குகிறது. சிப்பியோ விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பசைதான் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து, ஒருநாள் துண்டு எழும்பிவிடுகிறது. பலகையின் அகலம் கூடக்கூட இந்த அசைவும் கூடுமென்பதால்தான் மேசையை விடச் சிறு பெட்டி நல்லது என்கிறேன்.

இக்கலையின் பெருமைக்குரிய இடம் குஜராத். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் அங்கு செய்யப்பட்ட சிப்பிப் பெட்டிகளும் தட்டுகளும் போர்த்துக்கேய வணிகர் வழியாக ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் சென்றன. சிப்பித் துண்டுகளைக் கருமையான அரக்குக் கலவையில் பதிப்பது அங்கிருந்த ஒரு முறை; மரமே தெரியாதபடி சிப்பித் தகடுகளைச் சிறு பித்தளை ஆணிகளால் பொருத்துவது இன்னொன்று. ஆக்ராவுக்கு அருகிலுள்ள ஃபத்தேபூர் சிக்ரியில் சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் சமாதிக்கு மேலுள்ள மர விதானம் முழுவதும் இழைக்கப்பட்டுள்ள சிப்பி வேலையைப் பார்த்தால், இதை வெறும் அலங்காரப் பொருளென்று சொல்ல மனம் வராது.

மேசைதான் வேண்டுமென்றால் மைசூரின் ஈட்டி மரப் பதிப்பு வேலையைப் பாருங்கள். முன்னர் யானைத் தந்தம் பதித்த அக்கைவினைஞர்கள் இப்போது பெரும்பாலும் வெவ்வேறு நிற மரங்களைப் பதிக்கிறார்கள். மரத்துக்குள் மரம் என்பதால், பதித்த துண்டும் பலகையோடு ஓரளவு சேர்ந்தே அசைகிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் ஒட்டிய மலிவுப் பொருட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; ஈரம் புகுந்த அதன் விளிம்பு ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

வாங்கும்போது ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சிப்பி குளிரும், பிளாஸ்டிக் அவ்வளவு குளிராது. எல்லாத் துண்டுகளிலும் ஒரே அலைக்கோலம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த போலி.

வீட்டில் கணப்பிலிருந்தும் மழை அடிக்கும் வெளிச்சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். பித்தளையைத் துலக்கும் பழக்கத்தில் தேசிக்காயையோ வினாகிரியையோ சிப்பியில் தேய்த்துவிடாதீர்கள். புளிப்பு அதன் மினுக்கத்தைக் கரைத்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். துண்டு ஏதும் கழன்றால் ஒரு கடித உறையில் போட்டு, எந்த இடத்துத் துண்டென்று எழுதி வைத்துவிட்டு, பழைய தளபாடம் திருத்தத் தெரிந்த தச்சரிடம் கொண்டுபோங்கள். நீங்களாகச் சுப்பர் குளூ ஊற்றினால், அந்தப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குள் பக்கத்துத் துண்டுகளும் உடைந்துவிடக்கூடும்.