ஊருக்குள் சுற்றும் காசு: ஓய்வுபெற்ற சங்கக்காரரிடம் சில கேள்விகள்

கூட்டுறவுச் சங்கங்களில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு வேலைக் கொப்பி வைத்திருக்கிறோம். இன்னொரு வீட்டுக்கு ஒரு மணிநேரம் வேலை செய்தால் ஒரு புள்ளி வரவு, வேலை வாங்கியவர் பேரில் ஒரு புள்ளி கடன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மல்லாவியிலிருந்து: ஐயா, ரூபாய் இருக்கும்போது ஊருக்கென்று தனிக் கணக்கு எதற்கு?

ரூபாய் வரும், ஆனால் ஊரில் நிற்காது. காலபோக நெல் விற்ற காசு மெஷின் கூலி, உரக்கடன், லீசிங் என்று ஒரு கிழமைக்குள் போய்விடும். பிறகு பார்த்தால் வேலி அடைக்கத் தெரிந்தவன் சும்மா இருப்பான், பக்கத்து வளவில் வேலி விழுந்து கிடக்கும். இடையில் கொடுக்கக் காசு மட்டும் இல்லை. கொப்பி அந்த இடைவெளிக்குத்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து: வேறு எங்காவது இது சரிவந்ததா?

ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற சிறு நகரம், 1932. வேலையில்லாத் திண்டாட்டம். மேயர் உன்டர்குக்கன்பெர்கர் நகருக்கென்று நோட்டு வெளியிட்டார். மாதம் நூற்றுக்கு ஒன்று மதிப்புக் குறையும், முத்திரை வாங்கி ஒட்டினால்தான் செல்லும். பூட்டி வைத்தால் நட்டம் என்பதால் எல்லோரும் செலவழித்தார்கள். வீதி, பாலம் எல்லாம் வந்தன. 1933இல் அந்நாட்டு மத்திய வங்கி நிறுத்திவிட்டது. கென்யாவின் மொம்பாசாவில் 2013இல் ‘பங்களா பேசா’ என்ற ஊர்க் காசைத் தொடங்கியவர்களைக் கைது செய்து, பிறகு வழக்கைக் கைவிட்டார்கள்.

அப்படியானால் நாமும் நோட்டு அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. இலங்கையில் காசு வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கு மட்டும்தான். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் பனைமரம் போட்டு அழகான நோட்டு வரைந்து வந்தான். பிரேம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னேன். கொப்பியில் எழுதுவது கைமாற்றுக் கணக்குப் போலத்தான்.

மேசனுக்கும் ஒரு மணி, வாய்க்கால் துப்புரவாக்குபவருக்கும் ஒரு மணி என்றால் மேசன் வருவாரா?

நல்ல கேள்வி. வரமாட்டார், முழுநாள் வேலைக்கு வரமாட்டார். ஞாயிறு இரண்டு மணிநேரம் வருவார், சீமெந்துக்குக் காசு தனி. அது போதும்.

நாங்கள் சறுக்கியது வேறு இடத்தில். தொடக்கத்தில் தேத்தண்ணிக் கடையிலும் புள்ளி செல்லும் என்றோம். இரண்டு மாதத்தில் கடைக்காரரிடம் அறுபது புள்ளி சேர்ந்துவிட்டது. சீனி கொண்டு வரும் லொறிக்காரர் புள்ளி வாங்குவாரா? கடைக்காரர் கோபித்தது நியாயம். ஆறு பேர் முறை வைத்து அவர் கடைக்குக் கூரை வேய்ந்து கழித்தோம். இப்போது வேலை, முட்டை, பால், நாற்று, அவ்வளவுதான். ஒருவருக்கு இருபது புள்ளிக்கு மேல் வரவும் கூடாது, கடனும் கூடாது.

சீட்டுப் போல யாராவது சுருட்டிக்கொண்டு ஓடினால்?

எதைச் சுருட்டுவது? கொப்பி சனசமூக நிலையத்தில் கயிற்றில் தொங்குகிறது.

முழங்காவிலிலிருந்து: எனக்கு ஒரு கால் இல்லை, வயலில் இறங்க முடியாது. சேரலாமா?

சேருங்கள் தங்கச்சி. யாருக்கு என்ன வேண்டும் என்று போன் எடுத்துக் கேட்டு, ஆளைப் பொருத்தி, கணக்கு எழுதுவதுதான் இதில் பெரிய வேலை. அதற்கும் மணிக்கு ஒரு புள்ளி உண்டு. எங்கள் ஊரில் அதை நான் செய்கிறேன், என் கையெழுத்தை எனக்கே வாசிக்க முடியவில்லை என்று எல்லோருக்கும் முறைப்பாடு.