நிறுவனங்கள் மீது போன நம்பிக்கையை நல்ல நிர்வாகம் மீட்டுத் தருமா?

தரும். ஆனால் ஆண்டறிக்கையில் வழவழ தாளில் பல பக்கங்களுக்கு நீளும் ‘நிர்வாக நெறிமுறை’யை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. முதலாளியிடம் "இது கூடாது" என்று சொல்லும் ஆள் உள்ளே உண்டா, அவரை நியமிப்பது யார் என்று மட்டும்தான் பார்ப்பேன்.

ஹைதராபாத் சத்யம் மென்பொருள் நிறுவனத்துக்கு 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்கான விருதே கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மைத்தாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. ஹார்வர்டு பேராசிரியர் உட்பட பெரிய பெரிய படிப்பாளிகள் அந்தக் குழுவில் இருந்தார்கள். வெளியே இருந்த முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே, சில மணி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பொய் என்று நிறுவனர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். அறிவாளிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. மறுத்துப் பேசத்தான் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வந்த 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, நிறுவனர் தரப்பைச் சாராத சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. சரி, அவர்கள் பெயரை முன்மொழிவது யார்? பெரும்பாலும் அதே நிறுவனர்தான். 2022 முதல் இந்த நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவான வாக்கில் 75 சதவீதம் தேவை; அது கிடைக்காவிட்டால், மொத்த வாக்கிலும் நிறுவனர் தரப்பைச் சேராத பங்குதாரர்களின் வாக்கிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். சிறு பங்குதாரர்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் சேர்ந்து எதிர்த்தால் பல இடங்களில் தடுத்துவிடலாம்.

தடுத்ததும் உண்டு. 2017இல் ரேமண்ட் நிறுவனம், மும்பையில் உள்ள ஜே.கே. ஹவுஸ் குடியிருப்புகளைச் சந்தை விலையைவிட மிகக் குறைவாக நிறுவனர் குடும்பத்துக்கே விற்கத் தீர்மானம் கொண்டுவந்தது. சம்பந்தப்பட்டவர்கள் வாக்களிக்க முடியாத நிலையில், 97 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் எதிராக விழ, தீர்மானம் தோற்றது. என் நம்பிக்கையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியது எந்த விருதும் அல்ல, இந்த வாக்கெடுப்புதான்.

நம் சென்னையில் நாரத கான சபாவிலும் மியூசிக் அகாடமியிலும் நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் நடந்த நாட்களில், காபி நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டு வீடு திரும்பியவர்களே அதிகம். நடுவே யாராவது ஒரு ஓய்வுபெற்ற மனிதர் எழுந்து உறவினர் கம்பெனிக்குக் கொடுத்த கடனைப் பற்றிக் கேட்டால், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் காணொலியில் நடக்கிறது. பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், கிடைப்பதோ சில நிமிடங்கள். ஆனால் மின்வாக்கு வீட்டிலிருந்தே போடலாம். அதைக்கூட நாம் போடுவதில்லை.

மயிலாப்பூர்ப் பக்கம் நம்பிக்கை உடைந்தது பங்குச் சந்தையில் அல்ல, உறுப்பினர்களிடமே வைப்புத்தொகை வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும் பெனிபிட் ஃபண்டில். என் பெரியம்மாவின் வைப்புத்தொகையும் அப்படி ஒன்றில் சிக்கிக்கொண்டது. ‘நிதி’ கம்பெனிகள் எனப்படும் இத்தகைய நிறுவனங்களுக்கான 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, நிரந்தர வைப்புத்தொகை போடுகிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது பத்துப் பங்குகளோ நூறு ரூபாய்க்கான பங்குகளோ ஒதுக்கியாக வேண்டும். அதாவது பெரியம்மா வெறும் வாடிக்கையாளர் அல்ல, பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையுள்ள பங்குதாரர். இதை அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. வைப்புத்தொகை திரட்ட விளம்பரம் செய்யக்கூடாது, தரகு கொடுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அவரிடம் பணம் வாங்கிப்போனவரோ கமிஷனுக்கு வந்தவர்.

புகார் பொருளாதாரக் குற்றப்பிரிவில் இருக்கிறது. பெரியம்மா இப்போது தபால் அலுவலகத்தைத் தவிர எதையும் நம்புவதில்லை. சுயேச்சை இயக்குநர்களைப் பற்றி அவரிடம் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.