ஒரு வாய் கஞ்சி

அன்புள்ள ஐயா,

மதுரைக்குப் பக்கத்தில் 14 படுக்கைகள் கொண்ட முதியோர் இல்லம் நடத்துகிறேன். ஆறு பணிப்பெண்கள். பத்தாவதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர்தான். போன மாதம், நினைவு தப்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்க்க வந்த மகன், "எங்கம்மாவைப் பட்டினி போட்டா கொல்றீங்க?" என்று சத்தம் போட்டார். அப்போது பணியில் இருந்த பெண் பயந்துபோய்க் கஞ்சி ஊட்டினாள். புரையேறிவிட்டது. பாட்டி மறுநாள் காலமானார். அந்தப் பெண் அதோடு வேலைக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு இறுதிக்காலப் பராமரிப்பில் மூன்று நாள் பயிற்சி நடத்த நினைக்கிறேன். எந்தப் பாடத்திட்டம் நல்லது? சான்றிதழ் அவசியமா? படிப்புக் குறைந்தவர்களுக்குப் புரியுமா? கருணை பிறவியிலேயே வர வேண்டியது, பயிற்சியால் அதைக் கொண்டுவர முடியுமா என்ற சந்தேகமும் இருக்கிறது.

எஸ். மாலதி

அன்புள்ள மாலதி,

சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படிப்பைப் பற்றிய கவலையையும் விடுங்கள். குணமாகாத நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிக் கேரளத்தின் ஊர்களுக்குள் பரவியது, மருத்துவம் படிக்காத அக்கம்பக்கத்து மனிதர்கள் தன்னார்வலர்களாக வந்ததால்தான். அங்கே அவர்களுக்குத் தந்த பயிற்சி 16 மணி நேர வகுப்பு, அதோடு நான்கு நாள் நோயாளிகளிடம் நேரில் போவது. உங்கள் மூன்று நாளில் அந்த நான்கு நாள் எங்கே இருக்கிறது? கட்டிலருகே நடக்காத பயிற்சிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கருணை பிறவிக்குணம் என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் கருணை இருந்தது. இருந்ததால்தான் கிண்ணத்தை எடுத்தாள். கரண்டியை எப்போது கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் வீடுகளில் பாசம் என்றால் சோறு. நலம் விசாரிப்பதே "சாப்பிட்டியா?" என்றுதான். அப்படி வளர்ந்த கையிடம் ஊட்டாதே என்று சொல்வது இந்த வேலையிலேயே கடினமான பாடம். ஒரு முழு நாளை வாய்க்கு மட்டும் ஒதுக்குங்கள்.

வகுப்பை இப்படித் தொடங்கலாம். பணிப்பெண்களை வாயைத் திறந்தபடியே பத்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சுவிடச் சொல்லுங்கள். எச்சில் விழுங்கக் கூடாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். கடைசி நாட்களில் இருப்பவருக்கு நாள் முழுக்க அப்படித்தான். அதன்பின் "தண்ணீர் கொடு" என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, எப்படிக் கொடுப்பது என்று அவர்களே கேட்பார்கள்.

விழித்திருந்து, தானாக வாய் திறந்து கேட்பவருக்குத்தான் ஊட்டலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். முகவாய் நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் மூச்சுக்குழாய் வாசல் திறந்துவிடும், உள்ளே போவது நுரையீரலுக்குத்தான். அரைத் தேக்கரண்டி போதும். ஊட்டுபவர் நின்றபடி ஊட்டக் கூடாது, நின்றால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அதோடு நிறுத்துங்கள். முடிந்ததும் கன்னத்துக்குள் கஞ்சி ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

கூப்பிட்டால் கண் திறக்காதவருக்கு ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அவருக்கு வேண்டியது ஈரம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்குங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தைகள் தேய்க்கும் மென்மையான பிரஷையோ காஸ் துணியையோ நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று துடைக்க வேண்டும். பல்லிடுக்கில் விரலை விடாதீர்கள், அனிச்சையாகக் கடித்துவிடுவார்கள். காய்ந்து ஒட்டியதைச் சுரண்டாமல் நனைத்து ஊறவிட்டு எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வாயால் மூச்சுவிடுபவருக்கு இன்னும் அடிக்கடி. உதட்டில் தேங்காய் எண்ணெய் மெல்லியதாக. ஆக்சிஜன் ஓடும்போது எண்ணெயும் வேண்டாம், வாசலினும் வேண்டாம், தீப்பற்றும் ஆபத்து உண்டு. எலுமிச்சைச் சாறு தடவும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது எரியும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

இனி அந்த மகன். அவர் கத்தியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், மாலதி? பயிற்சியே இல்லாத ஒரு பெண்ணைத் துக்கத்தில் இருக்கும் மகனுக்கு முன்னால் தனியாக நிற்க விட்டிருக்கிறீர்கள். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதுவும் அன்றைக்கு இல்லை. பாட்டி பாதிச் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கிய வாரமே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உடம்பு அடங்கிக்கொண்டு வருகிறது, அதனால்தான் பசி போய்விட்டது. சாப்பிடாததால் இது வரவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். டிரிப்ஸாவது போடுங்கள் என்று கேட்பார்கள். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அடங்கிவரும் உடம்பால் அந்த நீரை வெளியேற்ற முடியாது, கால் வீங்கும், மூச்சில் கரகரப்பு கூடும். இதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு அவர் கையில் வேலை கொடுங்கள். பாலில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைக் கொடுத்து, அம்மாவின் உதட்டை ஒற்றச் சொல்லுங்கள். பால் ஊற்றும் வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெற்றவளின் வாயை நனைக்காமல் அனுப்பிவிட்டோம் என்ற குறை ஒருவரை ஆயுளுக்கும் விடாது. டம்ளரால் ஊற்றாமல் துணியால் ஒற்றினால் அந்தக் குறையும் இல்லை, புரையும் ஏறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசியில் தொண்டையில் வரும் கரகரப்புக்குக் குழாய் விட்டு உறிஞ்சாதீர்கள், ஒருக்களித்துத் தலையை உயர்த்தினாலே பெரும்பாலும் தணியும். திடீரென்று துடித்துப் புரண்டால், மயக்க மருந்து கேட்கும் முன் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மார்ஃபின் எழுதியிருந்தால் மலமிளக்கியும் கூடவே வேண்டும். வலி உள்ளவரைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தைக் கொடுங்கள். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர் பதில் பேசாவிட்டாலும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் நோய் ஆதரவுச் செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, பயிற்சியின் நான்கு நாட்களை அவர்களோடு அமைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

பாடத்திட்டம் கேட்டீர்கள், பாதிதான் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். தன் கையால்தான் பாட்டி போனார் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த நிலையில் சொந்த எச்சிலே மூச்சுக்குழாயில் இறங்கும் என்பதையும், பாட்டி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார் என்பதையும், அவளுக்குச் சொல்லித்தராதது உங்கள் தவறு என்பதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.