நிரல் தெரிந்தவர் முதலீட்டுப் பக்கம் போகலாமா?

அன்புள்ள ஐயா,

பதினொரு வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். புதிய நிறுவனங்களில் பங்குக்குப் பணம் போடும் வென்ச்சர் கேப்பிடல் பக்கம் போக ஆசை. எந்த ஸ்டார்ட்அப்பின் நிரலைப் பார்த்தாலும் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். அது போதுமா, எம்பிஏ படிக்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

எம்பிஏ கட்டாயமில்லை. 1972இல் க்ளைனர் பெர்கின்ஸ் என்ற அமெரிக்க வென்ச்சர் கேப்பிடல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான யூஜின் க்ளைனர் பொறியாளர். அதே ஆண்டு செக்கோயா என்ற இன்னொன்றைத் தொடங்கிய டான் வாலன்டைன் மின்னணுச் சிப் விற்றவர்.

ஆனால் நிரலை மட்டும் பார்த்துச் சொல்வது போதாது. ஆரம்பநிலையில் அது அலங்கோலமாகத்தான் இருக்கும். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இருந்தால் பிறகு திருத்தி எழுதிக்கொள்ளலாம். உங்கள் கண் உதவும் இடம் வேறு. பயனர் கூடக்கூட, தலைக்கு ஆகும் கிளவுட் செலவு இறங்குகிறதா? வெளியாள் எழுதிக் கொடுத்த நிரலின் உரிமை நிறுவனத்தின் பெயருக்கு எழுத்தில் மாறியிருக்கிறதா? விற்கும் மென்பொருளுக்குள், சொந்த நிரலையும் வெளியிடச் சொல்லக்கூடிய ஜிபிஎல் உரிமம் கொண்ட லைப்ரரி கலந்திருக்கிறதா? நிதித்துறையிலிருந்து வந்தவர் இவற்றை எளிதில் கோட்டைவிடுவார்.

நீங்கள் கற்க வேண்டியது கணக்கு. பலரிடம் திரட்டிய 100 கோடி ஃபண்ட் ஒன்று ஒரு ஸ்டார்ட்அப்பில் 10% பங்கு வாங்குகிறது. ஸ்டார்ட்அப் நிதி திரட்டும் அடுத்த இரு சுற்றிலும் புதிய முதலீட்டாளர்களுக்குத் தலா 20% போனால், அது 8% ஆகி, பிறகு 6.4% ஆகும். அந்த ஒரு நிறுவனமே ஃபண்டின் முழுத்தொகையையும் மீட்டுத் தர, 1,560 கோடிக்கு மேல் விலைபோக வேண்டும். போட்டதில் பாதிக்கு மேல் கரைந்துபோகக்கூடிய தொழில் இது. நன்றாக நடக்கும் சிறிய நிறுவனத்துக்கும் ‘வேண்டாம்’ சொல்வது அதனால்தான்; பொறியாளர்களுக்கு இதுதான் லேசில் மனம் ஒப்பாத விஷயம்.

வேலைக்கு பயோடேட்டாவைவிட மெமோ உதவும். நிதி திரட்டும் ஒரு ஸ்டார்ட்அப்பை எடுத்து இரண்டு பக்கம் எழுதுங்கள்: யார் காசு கொடுக்கிறார்கள், அப்படி எத்தனை பேர், ஏன் இப்போது, என்ன விலைக்கு, எதனால் கவிழும். கடைசிக் கேள்விக்கு மழுப்பாதீர்கள். நிறுவனர்கள் சம்மதித்தால் அந்தத் துறையில் முதலிடும் ஃபண்டுக்கு அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தம் வெளிவேலையைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சம்பளம் இறங்கலாம். ஃபண்டை நடத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் ஆண்டுக் கட்டணம் வழக்கமாக 2%. 100 கோடி ஃபண்டில் சம்பளம், வக்கீல், வாடகை எல்லாம் அந்த 2 கோடிக்குள்தான். லாபத்தில் 20% நடத்துபவர்களுக்கு, அதைக் கேரி என்பார்கள், ஆனால் ஃபண்டின் ஆயுளே சுமார் 10 ஆண்டு. பெரும்பாலும் ஃபண்டில் பணம் போட்டவர்களுக்கு அது திரும்பிய பிறகே கேரி கைக்கு வரும். ஆஃபர் வந்தால் உங்களுக்குக் கேரி உண்டா, நடுவில் விலகினால் அது என்னவாகும், அசோசியேட்டிலிருந்து பார்ட்னர் வரை வழி இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.