நியூயார்க்கில் வேலை செய்யும் பந்தயச் செயலி கலிஃபோர்னியாவில் ஏன் மறுக்கிறது?

அமெரிக்காவில் விளையாட்டுப் போட்டிகள் மீது பணம் கட்டும் பந்தயத்துக்கு நாடு முழுவதற்குமான உரிமம் கிடையாது. 1992-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தடைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்தது. அதன்பின் முடிவு அந்தந்த மாநிலத்தின் கையில். கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2022 நவம்பரில், இந்தப் பந்தயத்தை அனுமதிக்கக் கோரிய இரண்டு முன்மொழிவுகளையும் நிராகரித்துவிட்டார்கள்.

உங்கள் வீடு எங்கே என்பது பொருட்டல்ல. பந்தயம் கட்டும் நொடியில் கைபேசி எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் செயலி ஒப்பிடும். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் இருந்தால் நிராகரிக்கும். மாநில எல்லையருகே இருப்பிடம் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் மறுப்பு வரும். வைஃபையை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

வரியில்தான் பெரிய வேறுபாடு. 100 டாலர் பந்தயத்தில் நிறுவனத்துக்கு 10 டாலர் மிஞ்சினால், இணையப் பந்தயத்துக்கு 51% வரி விதிக்கும் நியூயார்க் 5.10 டாலர் எடுத்துக்கொள்ளும். நெவாடாவின் உச்ச விகிதம் 6.75% என்பதால் அங்கே சுமார் 68 சென்ட்தான். கூட்டாட்சி அரசின் 0.25% தனி. அது லாபத்தின் மீதல்ல, கட்டிய மொத்தத் தொகையின் மீது. நிறுவனம் நஷ்டப்பட்டாலும் 25 சென்ட் கட்டியாக வேண்டும். இந்த அமைப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறைந்தபட்ச வயது பெரும்பாலான மாநிலங்களில் 21.